மனப்பிரமையா, மருந்தின் கோளாறா?

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களில் சிலருக்குக் குமட்டும், தலை சுற்றும். வெகு சிலருக்கு ரத்தம் குழாயிலேயே உறைந்து உயிருக்கு உலை வைக்கும். மாத்திரையோடு வரும் தாளில் இன்று இது அச்சாகியிருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் மனமுவந்து அச்சடித்தன என்று நினைக்கிறீர்களா, தோழர்களே?

1956-ல் அமெரிக்க ஆதிக்கத்திலிருக்கும் போர்ட்டோரிக்கோ தீவில், ரியோ பியட்ராஸ் என்ற ஊரின் ஏழைக் குடியிருப்பில் இந்த மாத்திரையைச் சோதித்தார்கள். சோதனைக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி பின்கஸ் வேலை செய்த மாகாணமான மாசசூசெட்ஸில் கருத்தடையைச் சட்டம் தடுத்தது. ஆகவே தீவின் ஏழைப் பெண்கள் அகப்பட்டார்கள்! பிள்ளை உண்டாகாது என்று சொன்னார்கள். சோதனை மருந்து என்று சொல்லவில்லை.

அங்கே பெண்களை நேரில் பார்த்துவந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, நூற்றுக்கு 17 பேர் குமட்டல், தலைவலி, வாந்தி என்று அவதிப்படுவதைக் கணக்கெடுத்து, இந்த அளவு மருந்து பொது உபயோகத்துக்கு ஒவ்வாது என்று எழுதினார். பின்கஸ் என்ன செய்தார்? பெரும்பாலும் மனத்தின் வேலை என்று ஒதுக்கினார். வயிற்றைப் புரட்டுவது ஏழையின் வயிறு. அதற்கு விளக்கம் சொல்வது துரையின் வாய்! சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் மாண்டார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. மாத்திரைதான் காரணமா, வேறு நோயா என்று அறியும் வழியே அடைபட்டது.

சியர்ல் கம்பெனியின் அந்த எனோவிட் மாத்திரைக்கு 1960-ல் அமெரிக்க சர்க்கார் கருத்தடை அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே ரத்த உறைவுச் செய்திகள் வரத் தொடங்கின. 1970-ல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியபோது, மாத்திரை சாப்பிட்ட பெண்களைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து கூச்சலிட்டார்கள். அதன் பிறகே எச்சரிக்கைத் தாள் வந்தது.

மாத்திரையே விஷம் என்று கூப்பாடு போடுவோர் பக்கமும் நாம் இல்லை. எனோவிட்டில் ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் 0.03 தான். வருஷத்துக்கொரு பிரசவம் என்று தேய்ந்துபோன பெண்ணுக்கு இது பெரும் துணை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் ரத்தம் உறையும் அபாயம் இந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமல் யாராவது அட்டையை நீட்டினால், முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு ரத்தம் உறைந்ததுண்டா, இருதயம் அல்லது ஈரல் நோய் உண்டா, மார்பில் கட்டி உண்டா, கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருமா, காரணம் தெரியாத உதிரப்போக்கு உண்டா, ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தை பால் குடிக்கிறதா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சிலருக்கு வேறு முறை வேண்டியிருக்கும்.

மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலோ, திடீரென்று கண் மங்கினாலோ, நடவு வயலானாலும் ராத்திரி ஷிப்டானாலும் மேஸ்திரியின் அனுமதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.