தொண்டைச் சூடுன்னு ஒரு நோயே கிடையாதுங்க

"தொண்டைச் சூடு"ன்னு ஒரு நோயே கிடையாதுங்க. இதை எழுதினா கமெண்ட்ல திட்டு விழும்னு தெரியும். பரவாயில்லை. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

ஃபேர்லேண்ட்ஸில் காது மூக்கு தொண்டை பார்க்கிறேன். குரல் கம்மிப் போய் வர்றவங்க கையில் ஒரு பை இருக்கும். உள்ளே இருமல் டானிக், பாதி தின்ன ஆன்டிபயாடிக் அட்டை, மென்தால் மிட்டாய், பனங்கற்கண்டு. எத்தனை நாளான்னு கேட்டா மாசக் கணக்கு சொல்லுவாங்க. "இதுவரைக்கும் யாராவது வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்த்தாங்களா?"ன்னு கேட்டா, "இல்லீங்க. சூடுன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க."

என் கோபம் அந்த "இல்லீங்க" மேலதான்.

ஒரு டீச்சர். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார். மூணு மாசமா குரல் எழும்பல. கிளாஸ்ல பிள்ளைங்க சிரிக்குதுன்னு அழுதார். வாயைத் திறந்தா நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் தெளிச்ச மாதிரி வெள்ளைப் படலம். கேண்டிடா பூஞ்சை. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தா குரல்நாண்களிலும் அதே வெள்ளை. அதுக்கு முன்னாடி மூணு இடத்தில் மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சைக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், ஸ்பேசர் வெச்சு எடுக்கணும்னு அவருக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்ல அரை நிமிஷம் ஆகும். பூஞ்சை மருந்து கொடுத்தோம், குரல் திரும்பிடுச்சு. (இதைப் படிச்சுட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்திடாதீங்க. உயிருக்கே ஆபத்து.)

உப்புத் தண்ணி கொப்பளிக்கிறது பத்தி ஒண்ணு. வாய்க்கு நல்லது, செய்யுங்க. ஆனா அது குரல்நாணைத் தொடாது. தண்ணி அங்கே போனா புரையேறி இருமித் தள்ளிடுவீங்க. மிட்டாயும் தேனும் அப்படித்தான், உணவுக்குழாய்க்குப் போற பொருள் குரல்நாண் மேல உக்காராது.

பல் டாக்டர் நண்பர்களே, உங்களையும் விடப் போறதில்லை. முன்பல்லோட உள்பக்கம் எனாமல் கரைஞ்சிருந்தா வயித்து அமிலம் மேலே ஏறுதான்னு சந்தேகப்படுவீங்க. அதே அமிலம் வழியில் குரல்வளையையும் அரிக்கும். பல்லுக்கு பில்லிங் போட்டு அனுப்பும்போது "காலையில் குரல் கரகரக்குதா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா என்னங்க? வாய் உலர்ந்து போறவங்க, பல்செட் சரியா உக்காராம வார்த்தை குழறுதுன்னு கத்திக் கத்திப் பேசுற தாத்தா பாட்டிங்க, இவங்க எல்லாம் முதல்ல உங்ககிட்டதான் வர்றாங்க.

இனி லாரி டிரைவர் கதை. நாமக்கல் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ராத்திரி வண்டி ஓட்டத் தூக்கம் வரக்கூடாதுன்னு பாக்கும் புகையிலையும் கலந்த பாக்கெட்டை இருபது வருஷமா கன்னத்தில் அடக்கி வெச்சவர். குட்காவுக்கு நம்ம மாநிலத்தில் 2013-லிருந்து தடை. அவருக்கு ஒரு நாளும் கிடைக்காமப் போனதில்லையாம்.

நாலு மாசமா குரல் தகரம் மாதிரி. "அண்ணா, வாயை நல்லாத் திறங்க"ன்னேன். "இவ்ளோதான் சார் திறக்கும்"னார். சாதாரணமா மூணு விரலை அடுக்கி உள்ளே விடலாம். அவருக்கு ஒரு விரலே இடிக்குது. கன்னத்தைத் தடவினா உள்ளே கயிறு கயிறா தழும்பு. பாக்கு செய்ற வேலை இது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்னு பேர். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் தோப்பு வெச்சிருக்கறவங்க கோவிச்சுக்காதீங்க. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டாச்சு.

வாய் திறக்காததால் கண்ணாடி வெச்சுக் குரல்வளையைப் பார்க்க முடியாது. முன்னாடி பார்த்தவர்கள் அதோட விட்டுட்டு டானிக் எழுதிட்டாங்க. நான் மூக்கு வழியா ஸ்கோப் விட்டேன். இடது குரல்நாணில் வெள்ளையா, தடிப்பா ஒண்ணு.

குரல்நாணில் வர்ற புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு. சின்னதா இருக்கும்போதே குரலை மாத்திக் காட்டிக் கொடுத்திடும். அப்பவே பிடிச்சா பெரும்பாலும் கதிர்வீச்சிலேயே குணமாகும், குரலும் மிஞ்சும். விட்டுட்டா குரல்வளையையே எடுத்துட்டுக் கழுத்தில் துளை போடுற நிலை வரும். அதனாலதான் மூணு வாரம் தாண்டின கரகரப்பை ஸ்கோப் போட்டுப் பார்க்கணும்னு தலையால அடிச்சுக்கிறோம்.

"எல்லாருக்கும் ஸ்கோப்புக்கு எங்கே போறது"ன்னு கேட்பீங்க. சரி, வாயையாவது பாருங்க. திருவனந்தபுரத்தில் 1996-ல் ஆரம்பிச்ச ஆய்வு ஒண்ணு. டாக்டர்கள் இல்லை, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாங்க. 2005-ல் லான்செட்டில் முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைஞ்சிருந்தது. அவங்க கையில் இருந்தது டார்ச்சும் கண்ணும். எங்க ஆளுங்க கிளினிக்கிலும் டார்ச் இருக்கு, பாக்கெட்டிலேயே இருக்கு. எடுக்கத்தான் மாட்டேங்கறாங்க. (சித்த மருத்துவ நண்பர்களே, இந்தச் சண்டை உங்களோட இல்லை. திட்டுறது என் சொந்த ஜாதியை, அலோபதியை.)

டிரைவர் அண்ணனுக்கு வியாழக்கிழமை பயாப்ஸி வெச்சிருக்கோம். சதை எடுக்கக் குழாயை வாய் வழியாத்தான் விடணும். வாய்தான் திறக்காதே. மயக்க டாக்டர் ரெண்டு தடவை போன் பண்ணி "எத்தனை மில்லிமீட்டர் திறக்குது?"ன்னு கேட்டுட்டார். மூக்கு வழியா, முழிச்சிருக்கும்போதே ட்யூப் போடலாம்னு பேசி வெச்சிருக்கோம். வெளியே உக்காந்திருந்த அவர் சம்சாரம் என்கிட்ட கேட்டாங்க: "சூடுதானுங்க டாக்டர்? இளநி குடுக்கட்டுங்களா?"