மூலையில் நிற்கிற பாய்லர்

சங்கரன்கோவில் வெயிலில் பள்ளிக்கூடத்தை நீராவி விட்டுச் சூடாக்கணும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அது குளிர்தேசத்துச் சமாச்சாரம். அங்கே பழைய வகுப்பறைகளில் சன்னலடியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் நிற்கும். ஒரே குழாயும் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு குட்டி வால்வும் இருந்தால் அது நீராவியில் ஓடுவது. நமக்கு நீராவி என்றால் ஹாஸ்டல் இட்லி, நெல் அவிக்கிற ஆலை, அப்புறம் பாலிடெக்னிக் லேப்களில் தூசி படிந்து நிற்கிற பாய்லர்.

என் ஆதங்கம் இதுதான். பரீட்சையில் லங்காஷயரும் காக்ரனும் வரைந்து பாகம் குறிக்கிற நாம், நேரில் பார்த்தால் "ஏதோ பழைய டேங்க்லே" என்கிறோம்! இத்தனைக்கும் இது பெரிய வித்தை இல்லை. படுத்த உருளைக்குள் பெரிய நெருப்புக் குழாய் இரண்டு இருந்தால் லங்காஷயர், ஒன்று என்றால் கார்னிஷ். நெட்டுக்குத்தாக நின்று தலை அரைக்கோளமாக இருந்தால் பெரும்பாலும் காக்ரன். அழுத்தமானி பவுண்டு கணக்கில் மட்டும் இருந்தால் பழைய சரக்காக இருக்கலாம். ஆனால் மானியை நடுவில் மாற்றியிருப்பார்கள், அதை மட்டும் நம்பக் கூடாது. உடம்பில் பொறித்த பதிவு எண்ணைத் தேடுங்கள். 1923-ஆம் வருஷச் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்தாலும், இரும்பில் வெட்டிய எண் எங்கே போகும்?

இதெல்லாம் எதற்கு என்பீர்கள். பழைய நீராவிக் குழாய்மேல் வெள்ளையாகச் சாந்து பூசி, துணி சுற்றியிருக்கும். அதில் கல்நார் இருக்கலாம். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலில் போய் உட்காரும். நோய் வர இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். லேப் சுத்தம் செய்கிற நாளில் சுத்தியலை யார் கையில் கொடுப்பார்கள்? நம்ம பையன்கள் கையில்தான். அதேபோல, "சும்மா ஓட்டிப் பார்ப்போமே" என்று நீர்மட்டக் கண்ணாடியும் சேஃப்டி வால்வும் சரிபார்க்காமல், இன்ஸ்பெக்டர் சான்றிதழ் இல்லாமல் நெருப்புப் போடுவதும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். பராமரிப்புக்கு ஆள் வைத்திருக்கிற நெய்வேலியிலேயே 2020 மே மாதமும் ஜூலையிலும் பாய்லர் விபத்தில் உயிர்கள் போயின.

எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பிராக்டிகல் பீரியட் கொடுங்கள் என்றுதான் சங்கம் கேட்க வேண்டும். மூன்றாம் வருஷ மாணவர்கள், ஆசிரியர் கூட நின்று, எதையும் உடைக்காமல், கண்ணால் பார்த்தே வகை, எண், மேல்பூச்சு எல்லாம் எழுதி அட்டை மாட்டட்டும். அட்டைச் செலவைச் சங்க நிதியிலிருந்தே தரலாம். இந்த மலரின் அட்டைப்படத்துக்கு ஆனதில் கால்வாசி கூட ஆகாது.