"அப்ப ஆர் படிப்பிக்கிறது?"

எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "மகன் எத்தனையாம் வகுப்பு?" "பள்ளிக்கூடம் போகேல்லை, வீட்டில படிக்கிறான்" என்றால் இரண்டாவது கேள்வி உடனே வரும்: "அப்ப ஆர் படிப்பிக்கிறது?"

"அவனே படிக்கிறான்" என்று சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. சனத்துக்குப் பயந்து அல்ல. எனக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஏழு வயதில், ஞாயிறு பின்னேரம் ஆனால் அவனுக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும். வைத்தியரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை. கடைசியில் பள்ளிக்குக் கடிதம் கொடுத்துப் பெயரை எடுத்தோம். இங்கிலாந்தில் அதற்கு இடம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அது பள்ளிக்கூடத்திலும் கிடைக்கலாம், வேறு வழியிலும் கிடைக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றத் தேவையில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் மச்சாள் இதை நம்பவே இல்லை. அங்கே பள்ளிக்குப் போவது கட்டாயம்.

பெயரை எடுத்த அடுத்த திங்களே நான் என்ன செய்தேன் தெரியுமா? குசினி மேசையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தேன். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு ஆங்கிலம், சுவரில் நேரசூசி. மூன்றாம் கிழமை அவன் மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டான். முந்தி ஞாயிறு மட்டும் வந்த வயிற்றுக்குத்து இப்போது ஒவ்வொரு நாளும் வந்தது. இந்த முறை காரணம் நான்.

நேரசூசியைக் கழற்றினேன். அவன் லண்டன் ரியூப் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்தான். இரண்டு மாதம் அதைவிட்டு எழும்பவில்லை. இரவில் எனக்கு நித்திரை வராது. தமையன்ரை மகள் இலவன் பிளஸ் பயிற்சித் தாள் செய்கிறாள், இவனுக்கு ஆறாம் வாய்ப்பாடும் தெரியாது.

ஒருநாள் ரியூப் வரைபடத்துக்குப் பக்கத்தில் உண்மையான வீதி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, இது பொய்" என்றான். அவன் சொன்னது சரிதான். 1931இல் ஹரி பெக் வரைந்து 1933இல் அச்சில் வந்த அந்த வரைபடத்தில் தூரம் உண்மையில்லை. கோடுகள் நேராக அல்லது 45 பாகையில் மட்டும் போகும். "அப்ப உண்மையான தூரம் எவ்வளவு?" என்று கேட்டான். ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை மீற்றர் என்று பார்த்தோம். பெருக்க வேண்டி வந்தது. வாய்ப்பாட்டைத் தானே கேட்டு வாங்கினான். நான் மூன்று கிழமை அழவைத்தும் ஏறாதது பத்து நாளில் ஏறியது.

தமிழும் அந்த வரைபடத்தால்தான் வந்தது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதால் ஸ்டேஷன் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினான். 'பின்னர்' என்று எழுதினான். "பின்னர் என்ன?" என்று அம்மம்மா கேட்டா. அது ஒரு ஊர் என்று விளங்கியதும் இரண்டு பேரும் சிரித்து முடியவில்லை. அடுத்தது 'பார்க்கிங்'. "இது கார் விடுற இடமோ, ஸ்டேஷனோ?" அவன் யோசித்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, தமிழில் ஏன் ஒன்று? அம்மம்மா 'பல்', 'கப்பல்', 'தம்பி' என்று மூன்றையும் சொல்லச் சொன்னா. ஒரே 'ப' இடத்துக்கு இடம் மாறி ஒலிப்பதை அவன் காதால் கண்டுபிடித்தான். நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருடம் போனவள். எனக்கு ஒருநாளும் இந்தக் கேள்வி வரவில்லை.

அமெரிக்க ஆசிரியர் ஜோன் ஹோல்ட் 1964இலேயே எழுதியிருந்தார்: வகுப்பில் பல பிள்ளைகள் பாடத்தைப் படிப்பதில்லை, ஆசிரியர் எதிர்பார்க்கிற பதிலை ஊகிக்கப் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளை நான்தான். நல்ல புள்ளி எடுத்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று இருபத்தைந்து வயதுவரை தெரியாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை, பயந்தார். அந்தப் பயத்தை நான் நக்கலடிக்க மாட்டேன். 1970களின் தரப்படுத்தலில் தமிழ் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி தேவைப்பட்டது. அதை நேரே கண்டவர் அவர். வீடும் காணியும் போன பிறகு ஒருவராலும் பறிக்க முடியாமல் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். எங்கள் வீடுகளில் சோதனைப் புள்ளி என்றால் பாதுகாப்பு. உங்கள் அம்மா அப்பா ரியூசனுக்கு அனுப்பும்போது அனுப்புவதும் அந்தப் பயந்தான்.

ஆனால் பயம் ஒரு பாடத்திட்டம் அல்ல.

பிள்ளையை நம்புவது என்றால் சும்மா விடுவது என்று நினைக்காதீர்கள். முன்னையைவிட எனக்கு இப்போதுதான் வேலை கூட. அவன் என்ன கேட்கிறான் என்று கவனிக்க வேண்டும், நூலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். கடினமான வேலை, வாயை மூடிக்கொண்டு இருப்பது.

இது எல்லாருக்கும் ஏலும் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தது. ஜீசிஎஸ்ஈ எழுத வேண்டி வந்தால் தனிப் பரீட்சார்த்தியாக ஒரு நிலையம் தேடி நாங்களே காசு கட்ட வேண்டும். அவன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினமாதிரி. நாளைக்குத் திரும்பப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று கேட்டால் அனுப்புவேன். அவனை நம்புவது என்றால் அதையும் நம்பத்தான் வேண்டும்.

உங்களில் அநேகம் பேர் பள்ளியில்தான் இருக்கிறீர்கள், இருங்கள். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒருவரும் சொல்லாமல், புள்ளி இல்லாமல், நீங்களாகவே படித்தது என்ன? ஒரு பாட்டு, ஒரு மொழி, ஒரு சமையல், எதுவாகவும் இருக்கட்டும். அதை "நேரம் வீணாக்கிறது" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள்.

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் மாமி ஒருவர் மகனிடமே கேட்டா, "ஆர் படிப்பிக்கிறது?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மம்மா, அம்மா, பிறகு ரியூப்" என்றான்.

மாமிக்கு விளங்கவில்லை. எனக்கு அன்றிரவு நல்ல நித்திரை.