வெள்ளிப் பெயின்ற் அடித்த டிரம்



பாவித்த பிரேக் சாமான் போடலாமா கூடாதா என்று உல்லையில் சீசனுக்கு முன்னால் ஒரு பேச்சு வரும். போடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திரும்பவும் வழி விடும்வரை, நம்மில் பலர் வண்டி ஓட்டியதே பஞ்சிகாவத்தைப் பழைய சாமானை நம்பித்தான். நாம் கேட்க வேண்டியது, அதைச் சுத்தம் செய்தவர் எப்படிச் செய்தார் என்பதை.

டிரம்முக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்து வைத்தால் "புதுசு மாதிரி இருக்கு" என்று காசைக் கொடுத்துவிடுகிறோம். பெயின்ற்றுக்கும் பிரேக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்க்க வேண்டியது உள்விட்டம். ஆகக்கூடிய அளவைப் பல டிரம்களில் வார்ப்பிலேயே பதித்திருப்பார்கள். 182 மில்லிமீற்றர் என்று இருந்தால், லேத்தில் வெட்டி 183 ஆகிவிட்ட டிரம் எவ்வளவு மினுங்கினாலும் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான். அளக்கும்போது விளிம்பில் தேயாமல் நிற்கும் படியில் வைக்காமல், ஷூ உரசும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

உயர்தரப் பௌதிகவியலில் வேணியர் இடுக்கிமானியை வருடாவருடம் படிப்பிக்கிறோம். ஆய்வுகூடத்தில் இருப்பது பெரும்பாலும் 15 சென்ரிமீற்றர், டிரம்முக்கு எட்டாது. 30 சென்ரிமீற்றரில் ஒன்று நமது கராஜ்களில் எத்தனையில் இருக்கிறது?

கடற்கரை ஊர் என்பதால் ஹப்பிலும் நமக்குத் தொல்லைதான். உப்புக் காற்று ஒரு பக்கம், போர்டைக் கட்டிக்கொண்டு விஸ்கி பொயின்ற், பீனட் பார்ம் என்று மணலில் ஓடுவது ஒரு பக்கம். காரின் ஹப் முகத்தில் துரு ஏறினால் டிஸ்க் சரியாகப் படியாது, புது டிஸ்க் போட்டாலும் பெடல் உதறும். வயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பெயரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் பார்த்து, குழியோ நீலம் பாரித்த இடமோ இருந்தால் வீசிவிட வேண்டும். ஒயில் சீல் எப்போதும் புதிதுதான். ஆனால் அதே மண்ணெண்ணெயில் வீல் சிலிண்டர் ரப்பரைக் கழுவினால் அது ஊதிப்போய், பிரேக் பிடித்தபடியே நிற்கும். அதைக் கழுவப் பிரேக் ஒயில்தான் சரி.

இதற்கெல்லாம் அரை நாள் போகும். அந்த அரை நாள் கூலியில்தான் நாம் பேரம் பேசுகிறோம். சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு பாஸின் கூலியில் ஐந்நூறைக் குறைக்கச் சொன்னால், அவர் அளப்பதை விட்டுவிட்டு பெயின்ற் டின்னைத்தான் எடுப்பார்.

எமக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட நமது பிள்ளைகள்தான் கொம்பிரசர் பிடித்து டிரம் தூசியை ஊதுகிறார்கள், முகக்கவசம்கூட இல்லாமல். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தலைகாட்டப் பல பத்து வருடங்கள் ஆகும் என்பதால் இன்று யாருக்கும் பயமில்லை. சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தால் தூசி பறக்காது, செலவும் பெரிதாக இல்லை.

அடுத்தமுறை ஓட்டோவையோ காரையோ கராஜில் விடும்போது "ஊத வேண்டாம் தம்பி, நனைச்சுத் துடைங்க" என்று சொல்லுங்கள். அதற்கு அரை மணித்தியாலம் கூடப் போனால் பொறுத்திருங்கள்.