மலையில் தெரியும் வெள்ளைக் கோடு

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்தில் மேற்கே பார்த்தால் மலை உச்சிக்குக் கீழே வெள்ளைக் கோடு போல அருவி தெரியும். மேகம் இறங்கினால் மறைந்துவிடும். மழை விட்டால் சில நாளில் வற்றியும் விடும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தராசு பிடிக்கும் நம்மில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

"அதற்கு ஒரு பாதை போட்டுவிட்டால் குற்றாலம் போல நமக்கும் சீசன் வியாபாரம் நடக்குமே" என்று வணிக நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆசை நியாயம்தான், கணக்குத்தான் உதைக்கிறது. குற்றாலத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக வந்து ஆனி, ஆடியில் சாரல் தருகிறது. நாமோ மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையே கதி. செண்பகத்தோப்பு மீன்வெட்டிப்பாறை அருவியை எடுத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் பெருகும் நாளில் ஓடையைத் தாண்டிப் போக முடியாது. போக முடிகிற நாளில் பார்க்கத் தண்ணீர் இருக்காது. இதை நம்பி யார் முதல் போடுவது?

அந்தக் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை தடுப்பது வீம்புக்கு அல்ல. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவன் உயிர் போயிற்று.

நமக்கு அருவியின் லாபம் வேறு வழியில் வந்து கொண்டுதான் இருக்கிறது. இராஜபாளையம் குடிக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத் தண்ணீர் இந்த மலை தந்ததே. கண்மாய் பெருகிய வருஷம் தை, மாசியில் பழைய பாக்கி கேட்காமலே வந்து சேரும். வறண்ட வருஷம் புளியும் மிளகாய் வற்றலும்கூடப் பற்று எழுதித்தான் போகும். நம் பேரேட்டைப் புரட்டினால் மழைக் கணக்கு தெரிந்துவிடும்.

அதனால் பாதை கேட்பதை விட்டுவிட்டு நம் பக்கம் உள்ள ஒன்றைப் பார்ப்போம். 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. ஷாம்பு பாக்கெட் மட்டும் இன்னும் கடைகளில் தொங்குகிறது. அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் அதை வழியில் நம் கடைகளில்தான் வாங்குகிறார்கள். கிழித்த உறை பாறை இடுக்கில் கிடக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். முடங்கியாறு சாலைக் கடைக்காரர்கள் விடுமுறை நாட்களில் மட்டுமாவது அந்தச் சரத்தை இறக்கி உள்ளே வைத்தால் என்ன? ஒரு நாள் கல்லாவில் சில ரூபாய் குறையும், அவ்வளவுதான்.