தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு எம்.எச்.370 எங்கே இருக்கிறது என்று தெரியும். காரமடையில், மேட்டுப்பாளையம் ரோட்டு பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொல்வார்: "டியாகோ கார்சியாவுல எறக்கிட்டானுங்க கண்ணு. அமெரிக்காக்காரன் தீவு. உள்ள இருந்ததுல இருவது பேரு சிப்பு கம்பெனி ஆளுங்க. எல்லாம் பேட்டன்ட்டு சமாச்சாரம்." பதினோரு வருடத்துக்கு மேலாக இதையே சொல்கிறார். ஒவ்வொரு மார்ச் 8-ம் தேதியும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் புதுசாக ஒரு வீடியோ வந்து விழும்.

பெரியப்பாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. விசைத்தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். நான் திட்ட நினைப்பது நம்மைத்தான். "நான் நம்பலப்பா, சும்மா இன்ட்ரஸ்டிங்கா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பார்வேர்டு செய்கிற, படித்த நம்மை.

முதலில் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12.42-க்கு 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது அந்த போயிங் 777. 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல். 1.21-க்கு ரேடார் திரையிலிருந்து அடையாளம் மறைகிறது. விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் கடந்து மேற்கே போனதை ராணுவ ரேடார் 2.22 வரை பதிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு செயற்கைக்கோள் மட்டும்தான் சாட்சி. என் வேலையில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்போம். அதேபோல தரைநிலையம் செயற்கைக்கோள் வழியாக "இருக்கியா?" என்று கேட்க, விமானம் "இருக்கேன்" என்றது. பதில் வர எடுத்த நேரத்தை வைத்து விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். அலைவரிசை நகர்ந்த விதத்தை வைத்து வடக்கா தெற்கா என்று பார்த்தார்கள். தெற்கு என்று வந்தது. கடைசிப் பதிவு காலை 8.19. அந்தத் தூரத்தை வரைபடத்தில் போட்டால் வருவதுதான் ஏழாவது வளைவு. டியாகோ கார்சியா அந்த வளைவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, செயற்கைக்கோளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. பெரியப்பாவின் தியரியைக் கொல்ல இந்த ஒரு எண் போதும். 2015 ஜூலை 29-ல் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பாகம் எம்.எச்.370-உடையதுதான் என்று பிரெஞ்சு விசாரணையாளர்கள் பின்னர் உறுதிசெய்தார்கள். பேட்டன்ட் கதையும் நிற்காது. ஃப்ரீஸ்கேல் நிறுவனத்து ஆட்கள் 20 பேர் விமானத்தில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காப்புரிமையில் பெயர் இருந்தவர்கள் பயணிகள் பட்டியலிலேயே இல்லை.

சரி, பொய் என்று நிரூபித்தாயிற்று, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இந்தத் தியரிகளைப் பேசுகிறவர்கள் தாங்கள் அதிகாரத்தைக் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என் கோபம் அங்கேதான். உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: விமானம் 1.21-க்கு மறைந்தும் மீட்பு மையம் காலை 5.30-க்குத்தான் இயங்கத் தொடங்கியது ஏன்? மேற்கே திரும்பிய தடம் ராணுவ ரேடாரில் இருந்தும் ஒரு வாரம் தென்சீனக் கடலில் தேடிக்கொண்டிருந்தது ஏன்? கறுப்புப் பெட்டிகளில் ஒன்றின் நீரடி ஒலிப்பானுக்கான பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. அதை மாற்றாமல் விட்டது யார்? விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்ற செய்தியைச் சில குடும்பங்களுக்கு எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்ப யாருக்கு மனசு வந்தது?

இவற்றில் ஒன்றுகூட எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்ததில்லை. காலாவதியான பேட்டரியில் த்ரில் இல்லை. தீவில் கடத்தி வைத்த கதை ஓடிக்கொண்டிருக்கும் வரை பேட்டரியை மாற்றாதவர் நிம்மதியாகத் தூங்கலாம். ஒலிப்பான் பேட்டரி 30 நாளிலிருந்து 90 நாள் தாங்க வேண்டும் என்ற விதி, இப்படிச் சலிப்பூட்டும் கேள்விகளைச் சலிக்காமல் கேட்டவர்களால் வந்தது.

"சில நேரம் நிஜமாவே யாராவது செஞ்சிருப்பாங்களே?" என்று கேட்பீர்கள். நியாயம். 1998 செப்டம்பர் 29-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் 55 பேருடன் மன்னார்ப் பக்கக் கடலில் காணாமல் போனது. பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தியதாகக் குற்றச்சாட்டு. 2012-ல் இரணைதீவுப் பக்கம் கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. எடுத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் வைத்து உறவினர்களை அடையாளம் காணச் சொன்னார்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு சட்டையைப் பார்த்து இது அவருடையதா என்று யோசிப்பது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தத் தியரியையும் வைக்க எனக்குத் தைரியமில்லை. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேருடன் மறைந்ததும் இப்படித்தான். சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்ததை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இரண்டிலும் பதில் கடலடியிலிருந்து வந்தது.

எம்.எச்.370-ல் விமானியைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டு சிமுலேட்டரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை புள்ளிகள் இருந்தன. ஆனால் 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே முடிகிறது. எங்கள் ஆபீஸில் சர்வர் விழுந்தால் அறிக்கையில் 'மூல காரணம்: கண்டறியப்படவில்லை' என்று எழுத நான் பயந்திருக்கிறேன். ஏதாவது ஒன்றை எழுதித் தொலை என்பார்கள். எழுதிவிட்டால் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். நிஜப் பிழை உள்ளேயே கிடக்கும். 2023-ல் நெட்ஃப்ளிக்ஸ் மூன்று எபிசோடில் மூன்று தியரிகளை விரித்து வைத்தது. ஆதாரம் உள்ளதும் இல்லாததும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

இதில் எனக்கென்ன இவ்வளவு கோபம் என்றால், நானும் ஒரு தியரி சொன்னவன்.

2008-ல் எங்கள் அத்தை வீட்டு மாமா காணாமல் போனார். மாசித் தேர் முடிந்த மறுவாரம், தறிக்கு நூல் எடுக்க என்று கிளம்பினார். வரவில்லை. ஊரில் ஆளுக்கொரு தியரி. கடன்காரன் அடிச்சுட்டான், பாலக்காட்டுல சாமியாராயிட்டாரு, திருப்பூர்ல இன்னொரு குடும்பம். எல்லாம் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே பேசியது. எனக்குப் பதினேழு வயது. பள்ளியிலிருந்து பழனிக்குப் போனபோது படியில் மாமா மாதிரி ஒருவரைப் பார்த்தேன். நீலப் பை வைத்திருந்தார். "மாதிரி" என்ற சொல்லை வீட்டுக்கு வருவதற்குள் தொலைத்துவிட்டேன். "மாமாவப் பாத்தேன்" என்றுதான் சொன்னேன். பெரியவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அத்தை மூன்று முறை பழனிக்குப் போனார். ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு. வக்கீல் சொல்லியும் அத்தை மனு கொடுக்கவில்லை. "பையன் பாத்திருக்கானே" என்றாராம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னேன். அது மாமாதான் என்று எனக்கு அன்றைக்கே உறுதியில்லை என்று. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தப் பை நீலந்தான கண்ணு?"

தியரியைத் திரும்ப வாங்க முடியாது. எம்.எச்.370-ல் சென்னையிலிருந்து போன சந்திரிகா சர்மா இருந்தார், மீனவத் தொழிலாளர்களுக்காக வேலை செய்தவர். அவர் வீட்டிலும் மற்ற 238 வீடுகளிலும் நம் 'இன்ட்ரஸ்டிங்' எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். 2025 மார்ச்சில், கண்டுபிடித்தால் மட்டும் பணம் என்ற ஒப்பந்தத்தில் 15,000 சதுர கிலோமீட்டரை மறுபடி தேட மலேசிய அரசு ஒப்புக்கொண்டது. அந்தச் செய்திக்குக் கீழேயே பெரியப்பா வீடியோ போட்டார். இந்த முறை குழுவிலேயே எழுதினேன்: "பெரியப்பா, அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதுங். தேடட்டும்ங்." பத்துப் பேர் பார்த்ததாகக் காட்டியது. யாரும் பதில் போடவில்லை. அத்தை மட்டும் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.