வீடு திரும்பிய பிள்ளை

சிக்கந்தராபாத்தின் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கச்சிபௌலியில் வாடகைக்குக் குடியிருந்த மகனோ மகளோ வேலை இழந்து அவ்வீடுகளுக்குத் திரும்பும்போது கடக்கும் தொலைவு ஒரே நகருக்குள் அடங்கியதே. ஆயினும் பெட்டியுடன் வாசலில் இறங்கும் அந்தப் பொழுது எளிதன்று. அண்டை வீட்டார் "லீவா?" என்று கேட்பார்கள், கேட்காமலும் இருக்கலாம், அது இன்னும் சங்கடம்.

ஐதராபாத்துக்கு இது புதிதன்று. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது, அங்கு ஏறத்தாழ 53,000 பேர் பணியாற்றினர். டெக் மஹிந்திரா அதனை ஏற்ற பின்னரும் ஆயிரக்கணக்கானோர் பணியின்றிக் குறைந்த ஊதியத்தில் காத்திருந்தனர். அவர்கள் செய்த பிழை யாது? 2020 ஜூலையில் அமெரிக்காவில் 18 முதல் 29 வயதினரில் 52 சதவீதத்தினர் பெற்றோருடன் வசித்ததாகப் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. ஆகவே திரும்பி வருவதில் இழுக்கில்லை.

என் கவலை வேறு. வெட்கத்தினால் வீட்டில் பணத்தைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகிறது. மகன் கடன் அட்டையில் ரொக்கம் எடுத்துத் தவணை கட்டுகிறான். தந்தையோ அவனறியாமல் தமது நிரந்தர வைப்பை முறிக்கிறார். இந்தப் பரிவை என்னால் பாராட்ட இயலவில்லை. முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறையும். ஓய்வுக்கால வருவாயும் போகும். பணம் அவசியமெனில், அவ்வைப்பின் பேரிலேயே கடன் பெறலாம். வட்டி பெரும்பாலும் வைப்பு விகிதத்தைவிட ஓரிரு சதவீதமே கூடுதல்.

அதற்கும் முன்பு, தவணை தவறுவதற்குள் வங்கிக் கிளைக்குச் சென்று நிலைமையைச் சொல்ல வேண்டும். கால நீட்டிப்புக் கிடைக்கலாம். ஆனால் அது தள்ளுபடியன்று. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு அளிக்கப்பட்டபோதும் வட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. பலர் அதனைப் பின்னரே உணர்ந்தனர்.

கல்விக் கடனில் பெரும்பாலும் தந்தையோ தாயோ இணைக் கடனாளி. தவணை தவறினால் அவர்தம் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். ஆகவே அடுத்த தவணை எந்தத் தேதியில், எவ்வளவு என்பதை இன்றிரவு உணவு வேளையிலேயே கேட்டுவிடலாம். வேலை எப்போது கிடைக்கும் என்ற கேள்வி சில வாரங்கள் பொறுக்கட்டும்.